மத்தவிலாசத்தில் உவமையும் நகையும்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் நகையை முதலாவதாக வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களங்களையும் அவர் நான்காகக் கூறினார். பிறரை எள்ளுதல் ஒன்று, இளமைத் தன்மை மற்றொன்று, பேதைமை மூன்றாவது, மடமை நான்காவது. பேதைமை என்பது அறிவின்மை. மடமையோ அதனின் வேறானது. கேட்டதொன்றை மனத்துட் கொண்டு, கொண்டதை எக்காரணத்தாலும் விடாதிருத்தலே மடமை என்று பேராசிரியர் விளக்குவர். கல்லாதாரிடம் பேதைமை மிகுதி. கற்றாரிடமோ சிலபோது மடமை மிகுதி. நாடக ஆசிரியர்க்கு இவ்விரண்டும் வற்றாத ஊற்றுகளாகும்.

மேடையில் நகை விளைப்பதற்கு வழிகள் பல உள. கோமாளியின் உடையைக் கண்டு சிறுவர் சிரிப்பர். கால் இடறி வீழ்வோனைக் கண்டும் அவையோர் சிரிப்பர். ஆனால் அச்சிரிப்பு கண்ட அளவில் தோன்றி, கண்ட அளவிலேயே மறைவது. சொல்லினால் விளையும் நகையோ, கேட்டோர் வீடு திரும்பிய பின்னும் நினைக்குந்தோறும் மலர்வது. அத்தகைய நகையை விளைப்பதில் உவமைக்கும் உருவகத்துக்கும் பெரும்பங்கு உண்டு. இவ்வுண்மையை நன்கு காட்டும் பழைய நாடகம் ஒன்று காஞ்சிமாநகரில் பிறந்தது. அதன் பெயர் மத்தவிலாசம்.

மத்தவிலாசத்தை இயற்றியவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். அவன் சிம்மவிஷ்ணுவின் மைந்தன், கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகட்குக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குகைக் கல்வெட்டில் அவன் பொறித்துள்ளான். பாறையைக் குடைந்து கோயில் கண்ட அம்மன்னனே, சொல்லைச் செதுக்கி நகைநாடகமும் கண்டான். ஒரே அங்கத்தால் ஆகிய இத்தகைய நாடகத்தை வடமொழியாளர் பிரகசனம் என்பர். நெடுங்காலம் ஏட்டுச் சுவடியாகக் கிடந்த இந்நூலை, 1917ஆம் ஆண்டில் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் அச்சிட்டு வெளிப்படுத்தினார். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் இதனைத் தமிழில் பெயர்த்தளித்தார். கேரளத்துக் கோயில்கள் சிலவற்றில் சாக்கியர் எனப்படும் கூத்தர் இதனை வழிபாட்டுக் கூத்தாகவும் ஆடி வந்துள்ளனர்.

நாடகத்தின் கதை மிகச் சிறியது. சத்தியசோமன் என்னும் கபாலிகத் துறவி, தன் துணைவி தேவசோமையுடன் காஞ்சியின் தெருக்களில் தள்ளாடி வருகிறான். மண்டையோட்டைப் பிச்சைக் கலமாகக் கொள்வது கபாலிகர் வழக்கம். கள்ளுக்கடை ஒன்றை அடைந்து பிச்சை ஏற்க முற்படும்போதுதான் அந்த ஓட்டைக் காணோம் என்பது அவனுக்குத் தெரிகிறது. சுட்ட இறைச்சி அதில் இருந்தமையால், அதனை நாய் எடுத்திருக்க வேண்டும், அன்றேல் பௌத்தத் துறவி எடுத்திருக்க வேண்டும் என்று அவன் முடிவு செய்கிறான். அவ்வேளையில் நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி, தன் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு அவ்வழியே வருகிறான். பூசல் மூள்கிறது. பப்புருகற்பன் என்னும் பாசுபதன் நடுவனாகிறான். இறுதியில், நாயிடமிருந்து அவ்வோட்டைப் பறித்த பித்தன் ஒருவன் அங்கு வந்து சேர, கபாலிகன் தன் ஓட்டைப் பெறுகிறான்.

காணாமற்போன ஓடு, அதனைத் தேடும் குடியன், இவ்வளவே கதை. எனினும் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் இது சுவை குன்றாது நிற்கிறது. அச்சுவை நிகழ்ச்சியில் மட்டும் இல்லை. பாத்திரங்கள் கையாளும் உவமைகளிலும் உருவகங்களிலும் அது மிகுதியாகத் தங்கியுள்ளது.

நாடகத்தின் முன்னுரையில் சூத்திரதாரன் மன்னனைப் புகழ்கிறான். அறிவும் ஈகையும் அருளும் வாய்மையும் வீரமும் போன்ற நற்குணங்கள் கலியுகத்தில் தங்குமிடம் இன்றி அலைந்து, முடிவில் மகேந்திரனையே அடைக்கலமாக அடைந்தன என்கிறான். அதற்கு அவன் காட்டும் உவமை, ஊழிக்காலத்தில் படைப்புப் பொருள்கள் யாவும் ஆதிமுதல்வனிடம் சென்று ஒடுங்குவது. இங்கு உவமையின் தொனி பெருமிதம் உடையது. உயர்ந்த பொருளுக்கு உயர்ந்த பொருளையே ஒப்புக் காட்டியமையால், கேட்போர் சிரிப்பதில்லை, தலை தாழ்த்துகின்றனர். இவ்வாறு அவையோரின் செவி பெருமித நடைக்குப் பழகுகிறது. அந்த நடையையே எடுத்துச் சற்று நேரத்தில் ஒரு குடியனின் வாயில் வைத்துவிடுகிறான் மன்னன்.

சத்தியசோமன் கள்ளுக்கடையைக் காண்கிறான். கடையின் அடையாளமாகக் கொடிக்கம்பம் ஒன்று நிற்கிறது. கள் விற்குமிடத்தில் கொடி கட்டும் வழக்கத்தைப் பட்டினப்பாலையும் கூறும். அக்கடையைக் கண்டவுடன் கபாலிகனுக்கு வேள்விச்சாலை நினைவுக்கு வருகிறது. கொடிக்கம்பம் வேள்வித் தூண் ஆகிறது. கள் சோமச்சாறு ஆகிறது. குடிப்போர் வேள்வி ஆசிரியர் ஆகின்றனர். குடிகலங்கள் சோமம் ஏந்தும் கிண்ணங்கள் ஆகின்றன. சூட்டிறைச்சி முதலிய தொடுகறிகள் அவியுணவு ஆகின்றன. வெறியில் உளறும் உளறல் யசுர் மந்திரம் ஆகிறது. பாடும் பாட்டு சாமகானம் ஆகிறது. கள் முகக்கும் கலம் நெய் சொரியும் கரண்டி ஆகிறது. குடியரின் வேட்கையே வேள்வித்தீ ஆகிறது. கடைக்காரன் வேள்வித் தலைவன் ஆகிறான். இத்தனையும் கேட்ட தேவசோமை, தங்களுக்குக் கிடைக்கும் பிச்சை உருத்திரனுக்குரிய பங்காகும் என்று சேர்த்து, உருவகத்தை நிறைவு செய்கிறாள். வேள்வியில் எஞ்சியது உருத்திரனுக்கு உரியது என்பது பழைய மரபு. கபாலிகரோ உருத்திரனின் அடியார். ஆதலின் அவள் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்துகிறது.

ஒரு பொருளின் உறுப்புகள் அனைத்தையும் விடாது உருவகம் செய்வதை அணிநூலார் முற்றுருவகம் என்பர். இங்கு நகை எவ்வாறு பிறக்கிறது என்பதை ஆராய்தல் வேண்டும். ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்குத் தொழில், வடிவு, நிறம், பயன் என்னும் நான்கும் இடமாகும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இவற்றை வினை, மெய், உரு, பயன் என்று அவர் வழங்குவர். இந்த அளவுகோலைக் கொண்டு கள்ளுக்கடையை அளந்து பார்க்கலாம். கம்பமும் தூணும் வடிவால் ஒக்கும். முகப்பதும் சொரிவதும் தொழிலால் ஒக்கும். உளறலும் மந்திரமும் அயலார்க்குப் பொருள் விளங்காமையால் ஒருவாறு ஒக்கும். ஆனால் பயன் ஒவ்வாது. வேள்வி செய்வோர் நலம் பெறக் கருதுகின்றனர். கள்ளுண்போர் இருந்த நலத்தையும் இழக்கின்றனர். மூன்று அடிகள் உறுதியான தரையில் நடந்து சென்றவன் நான்காம் அடியைப் பள்ளத்தில் வைத்தாற்போல, உருவகம் பயன் என்னும் இடத்தில் குப்புற வீழ்கிறது. அவ்வீழ்ச்சியே நகை. ஒப்புமை எவ்வளவுக்கு எவ்வளவு நுட்பமாகப் பொருந்துகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த ஒவ்வாமை பளிச்செனத் தெரிகிறது. கள்ளுக்கடை வேள்விச்சாலை போன்றது என்று ஒரே சொல்லில் கூறி நிறுத்தியிருந்தால் இத்துணை நகை விளைந்திராது.

மேலும் ஒன்று கருதத்தக்கது. கபாலிகன் இவ்வொப்புமையைக் கேலியாகக் கூறவில்லை. அவன் உள்ளம் உருகிக் கூறுகிறான். கண்முன் காண்பது வேள்வியே என்று நம்புகிறான். அவன் பேசுவதோ செம்மையான வடமொழி. தேவசோமையும் நாகசேனனும் பித்தனும் பிராகிருதம் பேச, குடியனாகிய இவன் புலவர் மொழியில் பேசுகிறான். சொல்பவன் தானே சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பின் கேட்போர் முறுவலிப்பதோடு அமைவர். சொல்பவன் சிரிக்காமையால்தான் அவை முழுவதும் சிரிக்கிறது. கொண்டதை விடாமையாகிய மடமை, உயர்ந்த உருவகத்தின் ஆடையை அணிந்து மேடையில் உலவும் காட்சி அது.

கள்ளைப் பற்றி அவன் கூறும் மற்றொரு கற்பனையும் இத்தகையதே. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தான் என்று உலகத்தார் கூறுவது பொய் என்கிறான் அவன். காமன் எரியவில்லையாம், நேயமே வடிவானவன் ஆதலால் அவ்வெப்பத்தால் உருகிப்போனானாம், உருகியவனே கள்ளாகி உள்ளத்தைச் சுடுகிறானாம். அன்புக்கும் எண்ணெய்க்கும் வடமொழியில் ஒரே சொல் உண்டு. தமிழிலும் நேயம் என்னும் சொல் அவ்விரு பொருளையும் தரும். நெய் வெப்பத்தால் உருகுவது இயல்பு; அன்பும் உருகுவது இயல்பு. இச்சிலேடையைக் கொண்டு ஒரு புராணத்தையே திருத்தி எழுதிவிடுகிறான் குடியன். வாதம் அழகியது, முடிவோ குடத்தை மேலும் சாய்ப்பதற்கு ஒரு சாக்கு. தன் ஆசைக்கு ஏற்பச் சான்று தேடும் மனித இயல்பு இங்கு நகைக்கு இலக்காகிறது. அவ்வியல்பு கள்ளுண்போரிடம் மட்டும் காணப்படுவதன்று.

பௌத்தத் துறவி நாகசேனனிடம் தொனி மாறுகிறது. அவன் கனவு காண்பவன் அல்லன், கணக்குப் பார்ப்பவன். நல்ல மாளிகை, மெத்தென்ற படுக்கை, முற்பகலில் உணவு, பிற்பகலில் இனிய பானம் ஆகியவற்றையெல்லாம் துறவிகட்கு அருளிய புத்தர், மாதரையும் மதுவையும் மட்டும் மறுத்திருப்பாரா என்று அவன் ஐயுறுகிறான். பொறாமை கொண்ட முதியோர் அப்பகுதிகளை மறைநூலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும் என்று துணிகிறான். சிதையாத மூலநூலை எங்குக் காணலாம் என்றும் ஏங்குகிறான். இங்கு உவமை இல்லை, அணி இல்லை. ஆராய்ச்சியாளனின் அமைதியான நடையே உண்டு. கபாலிகன் தன் ஆசையைக் கற்பனையால் மூடினான். இவனோ நூலாராய்ச்சியால் மூடுகிறான். முன்னவனைக் கண்டு எழுந்த வெடிச்சிரிப்பு, இவனைக் கண்டு குறுநகையாக அடங்குகிறது.

இருவரும் எதிர்ப்பட்டபோது ஏச்சு கடுமையாகிறது. களவுநூல் செய்தவனாகக் கூறப்படும் கரபடனுக்கு வணக்கம் கூறத் தொடங்கிய கபாலிகன், அவனினும் பெரியவர் புத்தரே என்கிறான். வேதாந்தத்திலிருந்தும் மகாபாரதத்திலிருந்தும் பொருளை எடுத்துத் தம் கருவூலத்தை நிரப்பிக்கொண்டார் என்பது அவன் குற்றச்சாட்டு. கொள்கையைப் பொருளாகவும், கற்பதைக் களவாகவும் உருவகம் செய்யும் இவ்விடத்தில் முள் கூரியது. சமணரையும் அவன் இவ்வாறே பழிக்கிறான். அவர்கள் பெயரைச் சொன்ன நாவைக் கள்ளால் கழுவ வேண்டும் என்கிறான். இத்தகைய சொற்கள் அக்காலத்துப் பௌத்தர் செவியிலும் சமணர் செவியிலும் இனிமையாக ஒலித்திரா. மகேந்திரனுக்குப் பின் சில ஆண்டுகளில் தென்னாடு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்நாட்டில் நூறு பௌத்தப் பள்ளிகள் இருந்தன என்று எழுதியுள்ளார். தேவர் கோயில்களும் சமணரும் இருந்தமையையும் அவர் குறித்துள்ளார். ஆகவே நாடகத்தில் எள்ளப்பட்டோர் எங்கோ இருந்தவர் அல்லர். அதே தெருவில் வாழ்ந்தவர். எனினும் மன்னன் ஒன்றைக் காத்துக்கொண்டான். மிகக் கொடிய ஏச்சை அவன் நல்லறிவுடையோன் ஒருவன் வாயில் வைக்கவில்லை. நிற்கவும் இயலாத குடியன் வாயிலேயே வைத்தான். ஏசுபவன் ஏசப்படுபவனினும் நகைப்புக்கு உரியவனாக நிற்பதால், சொல்லின் முள் அவனையே திரும்பிக் குத்துகிறது. இதே கருத்தை அணியின்றி, அரசனின் குரலில் வெளியிட்டிருந்தால் அது நாடகம் ஆகியிராது, ஆணை ஆகியிருக்கும்.

பூசல் முற்றி, அறங்கூறவையம் செல்லலாம் என்ற பேச்சு எழுகிறது. அப்போது தேவசோமை அஞ்சுகிறாள். பல விகாரைகளின் செல்வத்தைத் திரட்டிவைத்துள்ள இத்துறவி, அவையத்தாரின் வாயை நிரப்பிவிட வல்லவன். ஏழைக் கபாலிகரிடம் அதற்கு என்ன உண்டு என்பது அவள் கருத்து. வாயை நிரப்புதல் என்னும் சிறு தொடரில் கையூட்டு முழுவதும் அடங்கிவிட்டது. வாய் நிரம்பியவன் பேச மாட்டான். நீதி சொல்ல வேண்டிய வாய் நிரம்பினால் நீதி வெளிவராது. வேள்விச்சாலை உருவகம் வானளாவ உயர்ந்தது. இச்சொல்லோ தெருப்புழுதியிலிருந்து எடுத்தது. ஆயினும் சுருக்கென்று தைப்பது இதுவே.

பாசுபதன் அவளை மறுக்கிறான். அவன் கூறுவது வேறொரு வகை உவமை. மாளிகையைத் தூண்கள் தாங்குவதுபோல அறத்தைச் சான்றோர் தாங்குகின்றனர் என்கிறான் அவன். வளையாமை, உள்ளுரம், அசையாமை, நல்ல பிறப்பு ஆகிய பண்புகள் தூணுக்கும் பொருந்தும், சான்றோர்க்கும் பொருந்தும். இவ்வுவமையின் தொனி முன்னுரைப் புகழ்ச்சியைப் போன்று கம்பீரமானது.

இரு கூற்றுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவையத்தார் தூண்களா, நிரப்பப்படும் வாய்களா? நாடகம் விடை கூறவில்லை. பாசுபதன் கூறியதே உண்மை என்று ஏற்க விரும்புவோர் செவியிலும் தேவசோமையின் சொல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அவ்வையத்தாரை நியமித்தவன் யார் என்பதை நினைத்தால் இக்காட்சியின் அருமை விளங்கும். நாடகம் எழுதிய மன்னனே அந்நாட்டு நீதிக்குத் தலைவன். தன் ஆட்சியில் ஏழைக்கு உள்ள அச்சத்தைத் தன் எழுத்தாணியாலேயே அவன் பதிவு செய்தான். தெருவில் ஒருவர் இதனைக் கூறியிருந்தால் குற்றமாகக் கருதப்பட்டிருக்கலாம். நகைநாடகத்தில் ஒரு சிறு தொடராக வந்தமையால், அவையோர் சிரித்தபடியே கேட்க முடிந்தது. அவையில் அதிகாரிகள் இருந்திருப்பின் அவர்களும் கேட்டே தீரவேண்டியிருந்தது.

வழக்கு அறங்கூறவையத்தை அடையவே இல்லை. வழியில் பித்தன் வந்துவிடுகிறான். இதுவரை பேசியவர்களின் உவமைகள் ஒவ்வொன்றும் ஒரு முறைமை உடையவை. பித்தனின் பேச்சிலோ பொருளும் பொருளும் முறையின்றி ஒட்டிக்கொள்கின்றன. மண்டையோட்டை அவன் பொற்கலம் என்கிறான். காவியுடுத்த பௌத்தத் துறவியைப் பொன்னாடை உடுத்த பொற்கொல்லன் என்கிறான். அதனைக் கேட்டு அனைவரும் இவன் பித்தன் என்கின்றனர். ஆனால் சற்று முன் கள்ளைச் சோமம் என்றும் கடையை வேள்விச்சாலை என்றும் கூறியவனை எவரும் பித்தன் என்று கூறவில்லை. ஓட்டைப் பொன் என்பவனுக்கும் கள்ளைச் சோமம் என்பவனுக்கும் உள்ள வேற்றுமை எவ்வளவு? இவ்வினாவை மன்னன் வெளிப்படையாகக் கேட்கவில்லை. இரு உருவகங்களையும் ஒரே மேடையில் நிறுத்திக் காட்டினான்.

பித்தன் என்னும் சொல்லை அடிக்கடி கேட்ட அப்பித்தனுக்கு ஆவல் பிறக்கிறது. ஓட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பித்தனைத் தனக்குக் காட்டுமாறு கேட்கிறான். ஓட்டை வாங்கிக்கொண்ட கபாலிகன், பித்தன் அந்தச் சுவருக்கு அப்பால் மறைந்துவிட்டான், விரைந்து செல் என்று அனுப்பிவிடுகிறான். தன்னையே தேடிக்கொண்டு ஓடுகிறான் பித்தன். இங்கு அணி எதுவும் இல்லை, நிகழ்ச்சியே உருவகமாகிவிட்டது. பிறரிடம் உள்ள குற்றத்தை ஊரெல்லாம் தேடி, தன்னிடம் உள்ளதை அறியாத மனிதர் அனைவரின் ஓட்டமும் அதுவே அன்றோ!

ஓடு கிடைத்தபின் பகை மறைகிறது. கபாலிகன் பௌத்தனிடம் பொறுத்தருளுமாறு வேண்டுகிறான். வாழ்த்துடன் நாடகம் முடிகிறது. எவரும் சமயம் மாறவில்லை, எவரும் தண்டிக்கப்படவில்லை, எவருடைய மடமையும் முற்றும் நீங்கியதாகவும் தெரியவில்லை. ஆயினும் காலையில் ஒருவரையொருவர் பற்றி இழுத்தவர்கள், முடிவில் முகமலர்ச்சியுடன் பிரிகின்றனர். சமயவாதம் மிகுந்த ஒரு நகரத்துக்கு இது சிறிய நன்மை அன்று. வாளும் ஆணையும் கையில் உடைய ஒருவன், பூசலிடுவோரை நோக்கி அவற்றை ஓங்காமல் ஒரு நாடகம் எழுதினான் என்பது எண்ணத்தக்கது.

நாடகத்தின் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. மத்தவிலாசம் என்பது களிவெறி கொண்டோரின் விளையாட்டு எனப் பொருள்படும். மத்தவிலாசன் என்பதோ மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. குடியரும் பித்தரும் ஆடும் கூத்துக்குத் தன் பெயரையே சூட்டி, அந்தக் கூட்டத்துக்கு வெளியே தான் நிற்கவில்லை என்பதை அவன் புலப்படுத்தினான். தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் என எள்ளலால் பிறக்கும் நகையைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவர். முன்னது எல்லார்க்கும் எளிது. பின்னது அரிது, அரசர்க்கு மிக அரிது. அவ்வரிய நகையைத் தன் நாடகத்துக்கு இட்ட பெயரிலேயே மகேந்திரவர்மன் வைத்துச் சென்றான்.